முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு அறைக்கு எத்தனை புள்ளி போடலாம்?

கேள்வி:
மாமாவை (கணவரின் அப்பா, 86 வயது) நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க விண்ணப்பம் நிரப்புகிறோம். இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், ஐந்து இல்லங்கள் வரை தெரிவு செய்யலாம். இதுவரை மூன்றைப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் சாப்பாட்டு அறை ஹோட்டல் மாதிரி. மேசை விரிப்பு, பூச்சாடி, ஒன்றில் கணப்படுப்புகூட இருக்கிறது. இதில் எது நல்லது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.

ஜனவரி 14, 2024

பூச்சாடியை விடுங்கள் தங்கச்சி. எத்தனை மணிக்குச் சுற்றிக் காட்டினார்கள்? காலை பத்தரை என்றால் நீங்கள் பார்த்தது கழுவித் துடைத்த ஒரு மண்டபம், அவ்வளவுதான். பின்னேரம் ஐந்து மணிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் நல்லது, அன்றைக்குத்தான் ஆள் குறைவு. முதல் சூப் வருவதிலிருந்து கடைசி ஆள் எழும்பும்வரை ஒரு மூலையில் இருங்கள். அதற்கு விடமாட்டோம் என்கிற இல்லத்துக்கு நான் அங்கேயே பாதிப் புள்ளியை வெட்டிவிடுவேன்.

என் கதை: அம்மாவுக்கு 84. அறளை பெயர்ந்து (மறதி நோய் வந்து) நாலு வருடம், ஸ்காபரோவில் ஓர் இல்லத்துக்குப் போய் இரண்டு வருடம். நான் கட்டட வரைபடம் கீறி ஓய்வுபெற்றவன். போகிற இடமெல்லாம் சட்டைப்பையில் அளவுநாடாவோடு போகிற வியாதி இன்னும் மாறவில்லை. அதனால்தான் இந்தக் கண்டுபிடிப்பு.

முதல் ஆறு மாதமும் "அம்மா சாப்பாட்டை மடியில் கொட்டுகிறார், கை நடுங்குகிறது" என்று பராமரிப்புப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் நம்பினேன். ஒருநாள் பக்கத்தில் குந்திப் பார்த்தால், வீல்செயரின் கைப்பிடி மேசை விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் உள்ளே போகாது. கோப்பைக்கும் அம்மாவின் வாய்க்கும் இடையில் ஒரு முழத்துக்கு மேல் தூரம். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்கள் ஊரில் கோப்பை என்றால் தட்டு. தேத்தண்ணிக் கோப்பையைத் தேடாதீர்கள்.) அவ்வளவு தூரம் கரண்டியில் சூப் கொண்டுவந்தால் எனக்கும்தான் மடியில் கொட்டும்.

மேசை உயரம் 74 செ.மீ. கைப்பிடி உயரம் 72. கணக்குப்படி உள்ளே போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்று பிறகு எழுதுகிறேன், பேத்தியைப் பள்ளியில் எடுக்கவேண்டும்.

ஜனவரி 14, இரவு

இன்றைக்கு ஞாயிறு, பள்ளி இல்லை. நீச்சல் வகுப்பு என்று எழுதியிருக்க வேண்டும். அறளை பரம்பரையோ தெரியாது.

மேசை: 74 என்பது மேற்பலகை. பலகைக்குக் கீழே நாலு பக்கமும் ஒரு சட்டம் ஓடும். தரையிலிருந்து அந்தச் சட்டத்தின் அடிவரைக்கும் 66தான். ஆகவே ஆறு சென்ரிமீற்றர் இடிக்கிறது. நீங்கள் போகும்போது மேசைக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். மேலே பார்த்தால் எல்லா மேசையும் நல்ல மேசைதான்.

ஜனவரி 17

"இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறதா, அல்லது அவரவர் குத்துமதிப்பா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. சாப்பாட்டுச் சூழலை அளப்பதற்கென்றே கனடாவில் ஒரு தாள் செய்திருக்கிறார்கள், ஆங்கிலச் சுருக்கத்தில் டீப் என்பார்கள். சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்து ஹபீப் சௌத்ரி, வோட்டர்லூவின் ஹெதர் கெல்லர், இவர்களும் சக ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. அல்பேர்ட்டா, மனிற்றோபா, ஒன்ராறியோ, நியூ பிரன்ஸ்விக் என்று நாலு மாகாணத்தில் 32 இல்லங்களில் நடந்த பெரிய ஆய்வில் 82 சாப்பாட்டு அறைகளை இதை வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சம், கண்கூச்சம், நிறவேறுபாடு, நடமாட இடம், யன்னலால் என்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, முடிவில் இரண்டு புள்ளி போடவேண்டும். வீடு மாதிரி இருக்கிறதா என்பதற்கு ஒன்று, சாப்பிட வசதியாக இருக்கிறதா என்பதற்கு இன்னொன்று. இரண்டும் 1 முதல் 8 வரை.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீடு மாதிரிக்கு எப்படி ஐயா புள்ளி போடுவது? இருந்தாலும் மகளும் நானும் ஆளுக்கொரு கடதாசி எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் அறைக்குப் போட்டோம். நான் வீட்டுத்தன்மைக்கு 6. அவள் 3. கதவடியில் நின்று பார்த்தால் 6 தான்: யன்னல், செடி, சுவரில் ஏரிப் படம். அவள் அப்பம்மாவின் இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பார்த்திருக்கிறாள். அங்கே இருந்தால் ஏரியும் தெரியாது, யன்னலும் தெரியாது. மருந்து வண்டி தெரியும். அதற்குப் பக்கத்தில் மிச்சச் சாப்பாட்டைச் சுரண்டிக் கொட்டுகிற வாளி. ஒரு மேசை முடிந்ததும் கோப்பைகளை எடுத்து, மற்ற மேசை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, கரண்டியால் கறக் கறக் என்று சுரண்டி அந்த வாளிக்குள் போடுகிறார்கள். இரண்டு வருடம் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், ஆனால் காதில் விழுந்ததே இல்லை.

என் 6ஐத் திரும்பப் பெறுகிறேன்.

ஜனவரி 21

"எங்கள் சனத்துக்குச் சோறும் கறியும் கொடுத்தால் இருட்டுக்குள்ளும் சாப்பிடும், வெளிச்சமும் மேசையும் வெள்ளைக்காரன்ர கதை" என்று ஓர் அண்ணை எழுதியிருக்கிறார். ஒரு வருடத்துக்கு முன் நானும் இதைத்தான் சொல்லித் திரிந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை வீட்டில் புட்டு அவித்து, பால்சொதி வைத்து, டப்பாவில் கொண்டுபோனேன். புட்டில் சொதியை ஊற்றிக் குழைக்கும்போது தாதி ஓடிவந்து மறித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்பது பேருக்கு முன்னால், "மகன் ஆக்கிக் கொண்டுவந்ததைத் தாய்க்குக் கொடுக்க உங்களிடம் அனுமதி வேண்டுமோ" என்று கத்தினேன். அம்மா பயந்துபோய்ப் புட்டையும் தொடவில்லை, அவர்களுடைய சாப்பாட்டையும் தொடவில்லை.

அம்மாவுக்கு விழுங்கச் சிரமம். ஐந்தாம் நிலைச் சாப்பாடு. சாப்பாட்டின் பதத்துக்கு 0 முதல் 7 வரை சர்வதேச அளவில் நிலைகள் இருக்கின்றன. நான்கு என்றால் அரைத்த பதம், ஐந்து என்றால் கொத்தி ஈரமாக்கியது, துண்டு நாலு மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, அதாவது முள்ளுக்கரண்டியின் இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள இடைவெளி. அதைவிட முக்கியம், தண்ணி பிரிந்து ஓடக்கூடாது. புட்டும் சொதியும் இந்த இரண்டிலும் தோற்கிற சாப்பாடு. புட்டு உதிரி, சொதி ஓடுகிறது. வாய்க்குள் போனால் சொதி முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடும், புட்டு பின்னால் நிற்கும். அது நுரையீரலுக்குள் போவதற்கு அதிக நேரம் வேண்டாம்.

டயட்டீஷன் பெண்பிள்ளை (பஞ்சாபிப் பிள்ளை, மகா பொறுமை) கரண்டியைச் சரித்துக் காட்டினாள். பதம் சரியென்றால் கரண்டியைச் சரித்ததும் ஒட்டாமல் ஒரே கட்டியாக விழவேண்டும். பிறகு நான் சொதியில் கொஞ்சம் அரிசிமா போட்டுத் தடிப்பாக்கி, புட்டை அதில் ஊறவிட்டு மசித்து அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் பாஸ் போட்டாள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு "இதென்ன களி?" என்றார்.

தாதியிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான்.

ஜனவரி 22

மேலே "நாற்பது பேர்" என்றது மிகை. எங்கள் பகுதியில் முப்பத்திரண்டு பேர். கோபத்தில் கூடித் தெரிந்திருக்கும்.

ஜனவரி 28

நிறம். பொஸ்ரன் பல்கலைக்கழகத்து அலிஸ் குரோனின்-கோலம் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு இது. முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைக் கோப்பைக்குப் பதில் கடுஞ்சிவப்புக் கோப்பையும் சிவப்புக் கப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாடு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடப் போயிற்று. பிறகு கடும் நீலத்திலும் பலன் தெரிந்தது. ஆட்கள் ஒன்பதே பேர், எல்லாரும் ஆண்கள், ஆகவே வேதவாக்காக எடுக்கவேண்டாம். ஆனால் காரணம் விளங்குகிறது. வெள்ளை விரிப்பில் வெள்ளைக் கோப்பை, அதில் மசித்த உருளைக்கிழங்கும் கோலிஃபிளவரும் கோழியும். எனக்கே கண்ணாடி வேண்டும்.

ஓடிப்போய் டொலர் கடையில் நீலக் கோப்பை ஒன்று வாங்கினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு மெல்லப் பக்கத்து மேசைப் போர்த்துக்கீச அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஏனம்மா?"

"ஆருடைய கோப்பை இது? எங்கடையில்லை. ஆக்கள் பேசுவினம்."

நீலக் கோப்பை இப்போது என் வீட்டில் இருக்கிறது. நான் அதில்தான் சாப்பிடுகிறேன், எனக்குத்தான் இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

பெப்ரவரி 3

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மேசையில் தொடங்கி எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

தங்கச்சி, நீங்கள் போகும்போது ஊட்டுகிறவர்களைப் பாருங்கள். நிற்கிறார்களா, இருக்கிறார்களா?

ஒன்ராறியோவின் நீண்டகாலப் பராமரிப்புச் சட்டத்தின் (2021ஆம் ஆண்டுச் சட்டம், 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது) கீழுள்ள விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. முழுதாக ஊட்டவேண்டியவர்கள் என்றால் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் ஊட்டக்கூடாது. உதவி தேவைப்படுகிறவருக்கு, உதவ ஆள் வந்த பிறகுதான் சாப்பாட்டை முன்னால் வைக்கவேண்டும். ஊட்டுகிறவருக்கு ஏற்ற கதிரை சாப்பாட்டு அறையில் இருக்கவேண்டும். ஆம், ஊழியருக்குக் கதிரை என்று விதியிலேயே இருக்கிறது. எழுதினவர் கட்டாயம் ஒரு சாப்பாட்டு அறையில் முழுதாக இருந்து பார்த்திருப்பார்.

எங்கள் அறையில் முப்பத்திரண்டு பேருக்குக் கதிரை இருந்தது, ஊட்டுகிறவர்களுக்கு இல்லை. நின்றுகொண்டு ஊட்டினால் கரண்டி மேலிருந்து வரும். வாங்குகிறவர் நாடியை நிமிர்த்தி அண்ணாந்து வாங்குவார். நீங்களே அண்ணாந்துகொண்டு ஒரு மிடறு தண்ணி விழுங்கிப் பாருங்கள். விழுங்கச் சிரமப்படுகிற ஆளுக்கு அதைவிடக் கூடாத நிலை கிடையாது. நிற்கிறவரின் கண்ணும் அடுத்த மேசையில்தான் இருக்கும், ஏனென்றால் அவர் அடுத்த மேசைக்குப் போவதற்காகத்தான் நிற்கிறார்.

குடும்பச் சபையில் (இல்லத்தில் இருப்பவர்களின் உறவினர்கள் கூடுகிற சபை) இதைக் கேட்டோம். நாலு மாதம், மூன்று கூட்டம். கடைசியில் சில்லுப் பூட்டிய ஆறு ஸ்டூல் வந்தது. அது வந்து இரண்டாம் நாள் ஒரு பிலிப்பினோப் பிள்ளை அதில் இருந்து பக்கத்து மேசைக் கிழவருக்கு ஊட்டினாள். அந்த மனுசன் கதைத்து நான் கேட்டதே இல்லை. கண் நேருக்கு நேர் வந்ததும் அவளிடம் ஏதோ இத்தாலிய மொழியில் சொன்னார். அவளுக்கும் விளங்கவில்லை. "ஓகே பாப்பா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல நான் ஆளில்லை. வேலைநேரம் முடிந்து இரண்டாவது வேலைக்குப் பஸ் பிடிக்கிறவர்கள் அவர்கள்.

பெப்ரவரி 11

அம்மாவின் நிறை. ஒக்ரோபரில் 51 கிலோ, ஜனவரியில் 47.5. மாதம் ஒருமுறை நிறுத்துப் பதியவேண்டும் என்பது விதி. ஒரு மாதத்தில் 5 சதவீதம், மூன்று மாதத்தில் 7.5, ஆறு மாதத்தில் 10 சதவீதம் மாறினால் மதிப்பிட்டு நடவடிக்கை எடுக்கவேண்டும். அம்மாவுடையது 6.9 வருகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம், அதனால் எந்த மணியும் அடிக்கவில்லை. உடல்நலத்தைப் பாதிக்கிற வேறு எந்த மாற்றமும் என்று அதே விதியில் இன்னொரு வரி இருப்பதை மகள் எடுத்துக் காட்டிய பிறகுதான் கூட்டம் வைத்தார்கள்.

கூட்டத்துக்கு முன் மூன்று நாள் தொடர்ந்து இராச்சாப்பாட்டுக்குப் போய் அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பை வரும். அம்மா கரண்டியைத் தொடமாட்டார். சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். இத்தாலிக்காரருக்கு வந்துவிட்டதா, போர்த்துக்கீச அம்மாவுக்கு வந்துவிட்டதா, பரிமாறுகிற பிள்ளை சாப்பிட்டாளா. இருபது நிமிடத்தில் சாப்பாடு ஆறிப்போகும். "மம்மிக்குப் பசியில்லை" என்று எடுத்துப்போவார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் எங்கள் வீட்டில் அம்மா எல்லாருக்கும் போட்டு முடித்து, சட்டியைப் பார்த்து, அடுப்படியில் பலகையில் இருந்துதான் சாப்பிடுவார். மற்றவர்கள் சாப்பிட முன் அவர் கை நனைத்து நான் கண்டதில்லை. இங்கே யாரும் சாப்பிட்டு முடிவதில்லை, ஊழியர்களோ சாப்பிடுவதே இல்லை. அம்மாவின் முறை எப்படி வரும்?

நெதர்லாந்தில் ஐந்து இல்லங்களில் 178 பேரை வைத்து ஆறு மாதம் செய்த ஆய்வு 2006இல் வந்தது. தட்டத்தில் அளந்து கொடுப்பதை விட்டு, மேசையில் பாத்திரங்களை வைத்து, ஊழியரும் கூட இருந்து, வீட்டு முறையில் சாப்பிட்டார்கள். நிறை, உடல் இயக்கம், வாழ்க்கைத்தரம் மூன்றிலும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. வாசித்ததும் நான் துள்ளிக் குதித்தேன்.

நாலாம் நாள் என் சாப்பாட்டையும் டப்பாவில் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். "எல்லாரும் சாப்பிட்டாச்சம்மா, நீங்கள்தான் மிச்சம்" என்றேன். கரண்டியை எடுத்தார். டீப் தாளில் இதற்கு ஒரு கட்டம் உண்டா?

பெப்ரவரி 12

மகள் வாசித்துவிட்டுத் திருத்தினாள். டீப் அறைக்கான தாள். ஆளோடு ஆள் எப்படிப் பழகுகிறார்கள், அவரவர் விருப்பத்தைக் கேட்கிறார்களா என்பதற்கு கெல்லர் குழுவிடமே வேறொரு தாள் இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் இருந்து பார்த்து நிரப்புவது. ஆகவே கட்டம் உண்டு. "அப்பம்மாவுக்கென்று தனிக்கட்டம் இல்லை அப்பா, அவ்வளவுதான்" என்கிறாள்.

பெப்ரவரி 25

ஒரு வெட்கக்கேடு. எழுதாமல் விடலாமோ என்று யோசித்தேன், ஆனால் பெப்ரவரி 11 குறிப்புக்கு இத்தனை பேர் கண்ணீர் விட்டு எழுதியிருப்பதால் சொல்லத்தான் வேண்டும்.

அம்மாவின் கீழ்ப் பல்செட் அம்மாவுடையது இல்லை.

பக்கத்து மேசைப் போர்த்துக்கீச அம்மாவின் மகள்தான் கண்டுபிடித்தாள். தன் தாய்க்கு நவம்பரிலிருந்து முரசு (ஈறு) புண் என்று பல் வைத்தியரைக் கூட்டிவந்தாள். அவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு இது இவருக்குக் கட்டிய செட் இல்லை என்றார். இரண்டு பேருக்கும் ஒரே பகுதி, ஒரே மாதிரிக் கிண்ணம், இரவில் யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். பல்செட், கண்ணாடி, காதுக்கருவி எல்லாவற்றிலும் சேர்ந்த 48 மணிநேரத்துக்குள் பெயர் பொறிக்கவேண்டும், புதிதாக வாங்கினால் அதற்கும் அப்படியே. அம்மாவின் புது செட்டை ஒக்ரோபர் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பெயர் பொறித்தாயிற்றா என்று கேட்டேனா? இல்லை. மேசையின் அடிச்சட்டத்தை அளந்துகொண்டிருந்தேன்.

சொந்தப் பல் வந்ததும் அம்மா முதல் நாளே முக்கால் கோப்பை முடித்தார். அப்படியானால் கரவெட்டி அடுப்படிக் கதை முழுவதும் என் கற்பனையா? மூன்று நாளாகப் பார்க்கிறேன். நான் இருந்து சாப்பிடாவிட்டால் இன்னும்தான் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டும் இருந்திருக்கிறது. பல் பெரிது, அடுப்படி சிறிது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 2

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்ப வந்திருக்கிறார். நான் சொன்னபடி ஐந்து மணிக்குப் போனாராம். கணப்படுப்பு இல்லத்தில் விடவில்லை. இரண்டாவதில் விட்டார்கள். விரிப்பில்லாத மேசை, பழைய கதிரை, ஆனால் ஊட்டுகிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், ஒருவர் பாட்டுக்கூடப் பாடினாராம். "ஆனால் பார்க்க வடிவில்லை அண்ணை" என்கிறார்.

வடிவு உங்களுக்கா மாமாவுக்கா? இரண்டாவதை முதலாவதாகப் போடுங்கள். அதற்கு முன் மூன்று வேலை. அந்த இல்லத்தின் பரிசோதனை அறிக்கைகள் மாகாண இணையத்தளத்தில் இருக்கின்றன, சாப்பாடு, நிறை, ஊட்டுதல் என்று தேடி வாசியுங்கள். வந்த குறையைவிட, அதே குறை திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா என்று பாருங்கள். மெனு 21 நாளுக்குக் குறையாமல் சுற்றவேண்டும், அன்றன்றைக்கு என்ன என்று இருப்பவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அன்றைக்குச் சொன்னதும் மேசைக்கு வந்ததும் ஒன்றா? பிறகு கோப்பையை எங்கே வைத்துச் சுரண்டுகிறார்கள் என்று பாருங்கள்.

நாலாவது, பல்செட். மாமாவுக்கு இருக்கிறதா?

மார்ச் 9

மேசை விசயம் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

போன செவ்வாய் கட்டடப் பராமரிப்புக்காரர் ஏழரைச் சென்ரிமீற்றர் மரக்கட்டை நாலு கொண்டுவந்து மேசைக்காலுக்குக் கீழே வைத்தார். அடிச்சட்டம் 73.5க்கு வந்துவிட்டது. அம்மாவின் வீல்செயர் சாணளவு உள்ளே போயிற்று. கோப்பை நெஞ்சடியில். மடியில் ஒரு துளி இல்லை. நான் கிட்டத்தட்டக் கைதட்டிவிட்டேன்.

அதே மேசையில் எதிர்ப்பக்கம் ஒரு சீன அம்மா இருக்கிறார், சாதாரணக் கதிரையில். ஆள் ஐந்தடிக்கும் குறைவு. மேற்பலகை இப்போது 81.5. அவருடைய நாடி அதிலே முட்டுகிறது. சூப் கிண்ணத்துக்குப் பின்னால் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அம்மா அவரைப் பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பி, "அந்தச் சின்னப்பிள்ளைக்கு முதலில போடுங்கோ" என்றார்.

மெத்தை ஒன்று கேட்டிருக்கிறோம். வீல்செயருக்கு முன்பக்கம் வெட்டின குட்டைக் கைப்பிடியும் கிடைக்குமாம், அதைப் பூட்டினால் மரக்கட்டையே தேவையில்லையாம். இதை ஒரு வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை அளக்க வருகிறார்கள். நாடா என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.